டிரைவருக்கு ஒரு மூடி

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் டிரைவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவள் லா பாஸ் பஸ் நிலையத்தில் நான் ஒருத்திதான். டிக்கெட் கவுன்டர்ப் பெண்கள் என் தொப்பியைத் தூரத்தில் கண்டதுமே, "வந்துட்டாங்கடி, மாப்பிள்ளை பாக்க வந்துட்டாங்க" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வது என் காதில் விழத்தான் செய்கிறது. விழட்டும், போகப்போவது என் உயிர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சிக்கா சிக்கா ஊர்ப் பக்கத்தில் ஒரு டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய் பஸ்ஸை ஓடைக்குள் இறக்கினான். யாரும் சாகவில்லை. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. யாருடைய கோழிக்கூடையோ என் மேல் கவிழ்ந்து கிடக்க, ஆள் வரும்வரை அந்தக் கோழிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் கிடந்தேன். அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பி ஏறுவதில்லை.

என் பெயர் நிக்கோலாசா. பரேதெஸ் வீதியில் தொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பெண்கள் போடும் வட்டத் தொப்பிகளுக்கு ஆவி காட்டி, அழுக்கெடுத்து, நசுங்கியதை நிமிர்த்திக் கொடுப்பது என் தொழில். தொப்பியின் உள்பட்டையில் படிந்த வியர்வையைப் பார்த்தே அது விசேஷ வீட்டுக்குப் போய் வந்ததா, வேறெங்காவது போய் வந்ததா என்று சொல்லிவிடுவேன். மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று என் தங்கை திட்டுவாள். நுழைக்காவிட்டால் ஒன்றும் தெரியாமல் அல்லவா போய்விடும்.

அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமைப் பயணம் அந்தத் தங்கை பெனித்தாவுக்காகத்தான். சின்ன வயதிலேயே அவளுக்கு வலது கண் போய்விட்டது. மூன்று வருஷமாக இடது கருவிழியும் வெளுத்துக்கொண்டே வந்தது. இப்போது முகம் தெரியாது, உருவம் மட்டும் தெரியும். கொச்சபாம்பாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் தானமாகக் கிடைத்த கருவிழிகளோடு வந்திருந்தார்கள். பத்துப் பேருக்குத்தான் வைப்பார்கள். பதினான்கு மாதமாகப் பட்டியலில் கிடந்த பெனித்தாவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. ஒருவர் வரவில்லையாம், நாளை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து பெயர் பதிய வேண்டுமாம். ஐந்து தாண்டினால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

விமானத்தில் இடமில்லை. "ராத்திரி பஸ்லயே போயிடலாங்கா" என்றாள் பெனித்தா.

"ராத்திரி பஸ்ஸா? கண்ணு வாங்கப் போற எடத்துல உயிர விட்டுட்டு வரவா? விடியட்டும். ஏழு மணி பஸ் மூணு மணிக்குப் போய்ச் சேந்துடும். ரெண்டு மணி நேரம் கையில இருக்கு."

என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

காலை ஆறு மணிக்கு பஸ் நிலையத்தில் இருந்தோம். "ஓருரோ, ஓருரோ, ஓருரோ" என்று பஸ் போகும் ஊரைக் கூவுகிறவர்களின் தொண்டையிலிருந்து புகைபோல மூச்சு வந்துகொண்டிருந்தது. பெனித்தாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் சூடான ஊதா மக்காச்சோளக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு நான் வேட்டைக்குக் கிளம்பினேன். ஏழு மணியையொட்டிக் கொச்சபாம்பாவுக்கு மூன்று பஸ்கள் இருந்தன.

முதல் பஸ்ஸின் பின் டயரைத் தடவிப் பார்த்தேன். என் மாமனார் மண்டை மாதிரி வழவழவென்று இருந்தது. அதோடு சரி, டிரைவரைப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

இரண்டாவது பஸ்ஸில் டயர் நன்றாக இருந்தது. டிரைவரோ கண்ணாடியில் மீசை சீவிக்கொண்டிருந்தான். நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். பிள்ளைகளின் பெயரை மூத்ததிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வேன். நன்றாகத் தூங்கி எழுந்தவன் கடகடவென்று சொல்லிவிடுவான். தூங்காதவன் நடுவில் ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடுவான். என் அனுபவத்தில் இது பொய்த்ததில்லை.

மீசைக்காரன் சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "எந்த வீட்டுப் புள்ளைங்கள கேக்கறீங்க?" என்றான்.

பக்கத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு வீட்டுக்கு நடக்கிறவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றியது. அதையும் தள்ளினேன்.

மூன்றாவது பச்சை பஸ். அதன் டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு டயராகத் தட்டி, குனிந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசுக்குள் ஜில்லென்றது. நான் வாய் திறப்பதற்குள் அவரே, "கேளுங்க தோன்யா. உங்களப் பத்தி கவுன்டர்ல சொன்னாங்க" என்றார். மரியாதைப்பட்ட பெண்களை எங்கள் ஊரில் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"பல்லக்கூட எண்ணிப் பாப்பாங்கன்னு."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பெயர் கேட்டேன். பாசிலியோ என்றார். பிள்ளைகள் மூன்று பேர், பெயர்கள் வரிசையாக வந்தன. எப்போது தூங்கினீர்கள் என்றால், எட்டரைக்கு, மனைவி சீரியல் பார்க்கிற சத்தத்தோடு என்றார். நேற்று வண்டி ஓட்டினீர்களா என்றால் இல்லை. பிரேக்? அதற்குப் பதில் சொல்லாமல் என்னை உள்ளே ஏறச் சொல்லி, பெடலை என் காலாலேயே மிதிக்க வைத்தார். பதினோரு வருஷத்தில் ஒருவரும் எனக்கு இதைச் செய்ததில்லை.

"மாத்து டிரைவர் எங்க?"

"பாதி வழியில, கராகொல்லோவுல ஏறுவாரு. வீடு அங்க. அதுவரைக்கும் நான் மட்டுந்தான். இருக்காருன்னு பொய் சொல்லியிருக்கலாம், நீங்க பின்னாடி வந்து தேடுவீங்க."

இந்த ஆளை விடக் கூடாது என்று முடிவுசெய்து இரண்டு டிக்கெட் எடுத்தேன். பெனித்தாவைக் கைபிடித்து ஏற்றி உட்காரவைத்தபோது, "கெடச்சிட்டானா உன் மாப்பிள்ளை?" என்றாள். கிடைத்துவிட்டான் என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

எங்களுக்குப் பின் இருக்கையில் தோன்யா செவேரா என்று ஓர் உருளைக்கிழங்கு வியாபாரி, இரண்டு மூட்டைகளோடு. பஸ் நகரத்தின் குழியிலிருந்து எல் ஆல்ட்டோ மேட்டுக்கு ஏறி முடிப்பதற்குள் டயர், தூக்கம், மூச்சு நாற்றம் என்று என் சோதனைகள் எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிவிட்டேன். முன்பின் இருக்கைக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். "நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்" என்றாள் செவேரா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன்.

ஊர் முடிகிற சென்கத்தாவில், எல் ஆல்ட்டோக்காரர்கள் ஏறுவதற்காகப் பஸ் பத்து நிமிஷம் நின்றது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இயிமானி மலை முழுசாகத் தெரிந்தது. பூமித்தாய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பசியோடு இருக்கிற மாதம் ஆகஸ்ட். அவளுக்குக் கொடுக்காமல் யாரும் ஊரெல்லையைத் தாண்ட மாட்டார்கள். சிலர் கோக்கா இலையைத் தூவினார்கள். நான் சால்வைக்குள்ளிருந்து சாராயக் குப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சக்கரம் சக்கரமாகத் தெளித்தேன். தரையில் ஊற்றினேன். மலைக்குக் காட்டினேன். தங்கச்சி கண்ணைக் கொடு தாயே என்று வாய்விட்டே கேட்டேன். கடைசியில், வழி யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கொடுப்பதுதானே முறை. ஒரு மூடி நிறைய ஊற்றி பாசிலியோவிடம் நீட்டினேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். "வேணாம் தோன்யா. வண்டி எடுக்கணும்."

"எனக்காகவா குடிக்கச் சொல்றேன்? அவளுக்குக் குடுத்ததுல உங்க பங்கு. ஒரு மூடிதான்."

"அவளுக்குத் தெரியும், நான் அப்புறமா…"

"தங்கச்சிக்கு ஆபரேஷன். இன்னைக்குப் போய் அவ குடுக்கறத வேணாங்கறீங்களே, நல்லாவா இருக்கு?"

அவர் ஒருமுறை பஸ்ஸைப் பார்த்தார், ஒருமுறை மலையைப் பார்த்தார். மூடியை வாங்கி, பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு மீதியை வாயில் விட்டுக்கொண்டார். எல்லாம் முறைப்படி ஆயிற்று என்ற திருப்தியோடு நான் ஏறி உட்கார்ந்தேன். இவ்வளவு யோசிக்கிற எனக்கு அப்போது அது மட்டும் தோன்றவில்லை பாருங்கள். என் மண்டையில் சாராயம் என்றால் டிரைவர்கள் திருட்டுத்தனமாகக் குடிப்பது. பூமித்தாய்க்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஐந்து நிமிஷத்தில் டோல்கேட் வந்தது. சில நாள் நிறுத்துவார்கள், சில நாள் கண்டுகொள்ள மாட்டார்கள். அன்றைக்கு நிறுத்தினார்கள். இயானெஸ் என்று சட்டையில் பெயர் தைத்த ஒரு பெண் சார்ஜென்ட் ஏறி, ஊதும் மெஷினை பாசிலியோவின் வாயருகே நீட்டினாள். அவர் ஊதினார். மெஷின் கீச்சென்று கத்தியது.

நான் குப்பியைச் சால்வைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"எறங்குங்க. லைசென்ஸ் குடுங்க" என்றாள் சார்ஜென்ட்.

"ஒரு மூடிம்மா. பூமித்தாய்க்குக் குடுத்தது."

"ஆகஸ்ட் மாசம் பூரா எல்லாரும் இதயேதான் சொல்றாங்க. யாரு குடுத்தாங்க?"

அவர் கண்ணாடி வழியாக ஒரு தடவை என்னைப் பார்த்தார். "எறங்கினப்போ குடிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

பின்னால் கூச்சல் கிளம்பியது. "காலங்காத்தால குடிச்சிட்டு வண்டி எடுக்கறியே, வெக்கமா இல்ல?" "எங்க உயிரு உனக்கு வெளையாட்டா?" "குடிகாரப் பயலே, எறங்குடா கீழ." மூச்சை மோந்து பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரமாக நான் பாடம் நடத்திய அதே ஆட்கள். அதில் செவேராவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவர் தலை குனிந்து இறங்கினார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நிமிஷம் இருக்கும். என் வாழ்நாளிலேயே நான் பேசாமல் இருந்த ஒரே நிமிஷம் அதுதான், பேச வேண்டிய நிமிஷமும் அதுதான்.

பெனித்தா என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா. அது உன் குப்பிதானே?"

எழுந்து போனேன். சார்ஜென்டிடம் குப்பியை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவர் வேண்டாம் என்றதையும் நான் விடாததையும் சேர்த்து. அவள் சக்கரத்தைக் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு என் காலிலிருந்து தொப்பிவரை பார்த்தாள்.

"நீங்கதானா அது? பஸ் ஸ்டாண்டுல டிரைவர்ங்கள கேள்வி கேக்கற தொப்பிக்காரம்மா?"

என் புகழ் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது.

"வாய நல்லா கொப்பளிக்கச் சொல்லுங்க. இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதட்டும். பூஜ்யம் வந்தா எழுதிட்டு விடறேன். வரலன்னா லைசென்ஸ் போச்சு" என்றாள்.

அந்த இருபது நிமிஷத்தில் எல்லோரும் கீழே இறங்கி, அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டியவர்கள் பக்கம் நியாயம் இருந்ததால் என்னால் திருப்பிக்கூடப் பேச முடியவில்லை. செவேரா மட்டும் இரண்டு சுற்று திட்டினாள். பாசிலியோ டோல்கேட் சுவரோரம் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

எட்டு இருபத்தைந்துக்கு மறுபடி ஊதினார். பூஜ்யம். சார்ஜென்ட் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் ஏறினார்கள், யாரோ கைகூடத் தட்டினார்கள். நான் மனசுக்குள் மணியைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றரைக்குப் போய்விடலாம். பெனித்தாவின் கையை அழுத்தினேன்.

இன்ஜின் கிளம்பியது. பஸ் நகரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உறுமிக்கொண்டிருந்துவிட்டு அணைந்தது.

பாசிலியோ எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "மன்னிச்சுக்குங்க. பத்தொம்பது வருஷமா ஓட்டறேன். இந்த மாதிரி யாரும் பேசினதில்ல. கும்ப்ரே மலை எறக்கத்துல எத்தன வளைவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இந்தக் கைய வச்சிக்கிட்டு எறங்க முடியாது, கூட்டாளி ஏறுற கராகொல்லோ வரைக்கும்கூட என்னால ஓட்ட முடியாது. ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். வேற ஆள் கீழயிருந்து வரணும். ரெண்டு மணி நேரம் ஆகும்."

இரண்டு மணி நேரம் என்றால் ஐந்தரை. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"பூஜ்யம்தானே வந்துச்சு? போலீஸே விட்டாச்சு. ஓட்டுங்க. மெதுவாவே ஓட்டுங்க. அஞ்சு மணிக்குள்ள போகலன்னா என் தங்கச்சி கண்ணு போயிடும். உங்க கால்ல விழறேன், எடுங்க வண்டிய."

"தோன்யா, காலையில எங்கிட்ட எத்தனையோ கேட்டீங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இன்னைக்கு உன்னால ஓட்ட முடியுமான்னு."

நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் சட்டையை விடவில்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்த நாற்பது உயிரும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, சொல்லவே கூசுகிறது.

பெனித்தா இருக்கைகளைத் தடவித் தடவி முன்னால் வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அவர் சட்டையிலிருந்து பிரித்தாள். "முடியலன்னா முடியலன்னு சொல்ற ஆளத்தானேக்கா நீ பதினோரு வருஷமா தேடிக்கிட்டிருந்தே? கெடச்சிருக்காரு. விடு" என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பாசிலியோ இறங்கிச் சாலை நடுவில் போய் நின்றார். வந்த இரண்டு பஸ்கள் ஓருரோவுக்குப் போகிறவை. மூன்றாவதாக ஒரு சிவப்பு பஸ் வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியைத் தகரத்தால் ஒட்டவைத்திருந்தார்கள், முன்பக்கம் எல்லாம் நசுங்கல். அவர் இரண்டு கையையும் ஆட்டி அதை நிறுத்தினார். டிரைவர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாசிலியோ ஜன்னலருகே போய்த் தலை நிமிராமல் ஏதோ பேசினார். திரும்பி வந்து, "கொச்சபாம்பா வண்டி. நாலு மணிக்குப் போயிடும். ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. நின்னுக்கிட்டுப் போக சார்ஜென்ட் விடமாட்டாங்க" என்றார்.

செவேரா ஜன்னலிலிருந்து கத்தினாள். "கண்ணு தெரியாத பொண்ண ஏத்துங்க. இந்தம்மா எங்களோடவே கெடக்கட்டும்." அதற்கு யாரும் மறுத்துப் பேசவில்லை.

பெனித்தா தனியாக. அதுவும் இந்த வண்டியில். என் கால் தானாகவே சிவப்பு பஸ்ஸின் டயரைப் பார்க்கக் கிளம்பியது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் சத்தம் போட்டான். நான் பாசிலியோவைப் பார்த்தேன்.

"நல்லா ஓட்டுவானா?"

"நல்லா ஓட்டுவான். பேரு இலாரியோன். எங்களுக்குள்ள ரெண்டு வருஷமாப் பேச்சு கெடயாது. ஆனா ஏத்துங்க."

பேச்சில்லாதவனைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னால் அதை நம்பலாம் என்று தோன்றியதா, வேறு வழியே இல்லாமல் நம்பினேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி பெயரை ஒரு சீட்டில் எழுதி பெனித்தாவின் சால்வையில் குத்தப் போனேன். "நான் என்ன பார்சலா? வாயிருக்கு, கேட்டுப்பேன்" என்று சீட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். படியில் ஏறும்போது ஒரு தடவை தடுமாறினாள். உள்ளிருந்து யாரோ ஒரு கையை நீட்டினார்கள். நான் டிரைவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவளை அனுப்பிவைத்தேன்.

பஸ் மறைந்த பிறகு பாசிலியோவும் நானும் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நல்லதாகவே பட்டது. கொஞ்ச நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சண்ட, ஒங்க ரெண்டு பேருக்கும்?"

"ஒரே கம்பெனியில இருந்தோம். ஒரு நாள் பிரேக் சரியில்ல, எடுக்கமாட்டேன்னு வண்டிய விட்டு எறங்கிட்டான். பஸ் ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் நான் அவன பயந்தாங்கொள்ளின்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அந்த வண்டிய நானே எடுத்துட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"ஒண்ணும் ஆகல. பத்திரமாப் போய்ச் சேந்தேன். அதனாலதான் ரெண்டு வருஷமா நான் சொன்னதுதான் சரின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."



பத்தே முக்காலுக்கு மாற்று ஆள் வந்தான். சின்ன வயசு, காது ஓரம் சோப்பு நுரை காயாமல் இருந்தது. பழக்க தோஷத்தில் நான் எழுந்து முன்னால் நடந்தேன். "உக்காருங்க" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன். பெனித்தாவின் இருக்கையில் பாசிலியோ உட்கார்ந்திருந்தார். கராகொல்லோவில் ஏறிய அவருடைய கூட்டாளி டிரைவர் அவர் தோளில் தட்டிவிட்டு முன்னால் போனார். கும்ப்ரே வளைவுகளில் பஸ் இறங்கும்போதெல்லாம் பாசிலியோவின் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது, அங்கே பிரேக் இருப்பதுபோல.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு தாண்டிற்று. நாலேகால். மலைக்குள் போனுக்குச் சிக்னல் வந்து வந்து போயிற்று. எல்லா இருக்கையிலும் தலைகள் என் பக்கம் திரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன், செவேராவுடையதும். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் போன் அடித்தது.

"அக்கா, பேரு எழுதிட்டாங்க. நாளைக்குக் காலையில மூணாவது ஆள்" என்றாள் பெனித்தா.

செவேராதான் போனிலிருந்து கேட்டதை எழுந்து நின்று பஸ் முழுக்கச் சொன்னாள். நான் அழுதுகொண்டே, எப்படிப் போனாய், யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்டேன்.

"அந்த டிரைவர்தான். ஸ்டாண்டுல எல்லாரையும் எறக்கிட்டு, அவரே டாக்சி வச்சு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாரு. வழியெல்லாம் பேசல. நான் உள்ள போகும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. பாசிலியோவுக்குக் கை நடுக்கம் நின்னுச்சான்னு. உனக்குப் போன் பண்ணினா கேட்டுச் சொல்லச் சொன்னாரு, வாசல்லயே நிக்கறாரு."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டதை அப்படியே பாசிலியோவிடம் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் நிக்கலன்னு சொல்லுங்க" என்றார்.